ட்ரெப்டோ கடையின் குளிர்ந்த கை

உங்கள் கையை ஒருவர் பிடித்துப் பார்த்து, அது எந்தக் குடும்பத்தில் பிறந்த கை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்று உடனே சொல்வீர்கள். ஆனால் மில்வாக்கி நகரத்தில் செய்தித்தாள் வாசிக்கிற, தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, மீசை நரைத்த மனிதர்கள் முப்பது வருடங்களாக ஒரு கஸ்டர்ட் கடையின் ஜன்னலில் கையை நீட்டி, "ஆகா, இதுதான் ட்ரெப்டோ கை!" என்று மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிலிர்ப்பில் ஒரு பெண்ணின் பிழைப்பு சிக்கிக்கொண்டது. அவர் பெயர் ஓஸெல்லா பிக்கெட்.

முதலில் அந்தக் கையின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய வரலாறு ஒன்றும் இல்லை. உறைந்த கஸ்டர்ட் என்பது பாலேடு, சர்க்கரை, முட்டை மஞ்சள் கரு. நியூயார்க் கடற்கரையில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு ஐஸ்கிரீம் விற்றவர்கள், அது சீக்கிரம் உருகிவிடுகிறதே என்று மஞ்சள் கருவைச் சேர்த்தார்கள். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது அது உள்நாட்டுக்கு வந்தது. அங்கிருந்து வடக்கே வந்து, மில்வாக்கிக்காரர்கள் தாங்களே பெற்றெடுத்தது போலக் கொண்டாடத் தொடங்கினார்கள். எமில் ட்ரெப்டோ அதுவரை இறைச்சிக் கடைகளுக்கு சாசேஜ் திணிக்கிற குடல் விற்றுக்கொண்டிருந்தவன். பழைய மெஷின் ஒன்றை மலிவாக வாங்கி, நகரின் வடபகுதியில் கண்ணாடி முகப்பும் நியான் விளக்குமாகக் கடை போட்டான். ஒரு நாள் செய்தியாளன் ஒருவன், "உங்க கஸ்டர்ட் மட்டும் எப்படி இவ்வளவு வழவழன்னு இருக்கு?" என்று கேட்டான். எமில் விளையாட்டாக, "எங்க பரம்பரைக்கே பிறவியிலேயே கை குளிர்ச்சி. கஸ்டர்டை எடுக்கும்போது அது கலங்காது" என்றான். மறுவாரம் ஊரே கைகொடுக்க வந்து நின்றது. இல்லை என்று சொல்ல எமிலுக்குப் பைத்தியமா?

இப்படித்தான் அந்த வழக்கம் பிறந்தது. குளிர்காலம் முழுக்கக் கடை மூடியிருக்கும். மார்ச் மாதம், தரையில் பனி கிடக்கும்போதே திறப்பார்கள். திறப்பு நாளன்று மெஷினில் நிற்கும் ட்ரெப்டோ ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். வந்தவர்கள் கம்பளி உறையைக் கழற்றி, உள்ளே கதகதப்பாக இருந்த கையால் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்து, "யப்பா, என்ன குளிர்ச்சி!" என்று அலற வேண்டும். அந்தக் கை விடிந்ததிலிருந்து, கஸ்டர்டை அள்ளுகிற எஃகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு, அது உறைந்து இறங்குகிற குழாயின் வாயில் கிடந்த கை. மேலே ஒரு மெல்லிய வெள்ளை நூலுறை, அதுவும் நனைந்தது. அது குளிராமல் பின்னே கொதிக்குமா? இந்தக் கேள்வியை அந்த வரிசையில் ஒருவன்கூடக் கேட்கவில்லை.

ஓஸெல்லா கேட்டார். அவர் தெற்கே அர்கன்சா மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்தவர். கணவர் ஹோஸியாவுக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. கறுப்பர்களுக்கு நகரம் ஒதுக்கிய சில தெருக்களில் ஒன்றில் வாடகை வீடு. ட்ரெப்டோ கடையில் அவருக்குப் பின்கட்டு வேலை. வெண்ணெய் போட்டு பர்கர் சுடுவார், பாத்திரம் கழுவுவார், கடை மூடியதும் அந்த மெஷினைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கழுவுவார், காலையில் திரும்பப் பொருத்துவார். வருவதும் போவதும் பின்வாசல் வழியாக. மெஷினில் நிற்பவருக்குச் சம்பளம் கூடுதல். வெளிச்சத்தில் நிற்கலாம், எண்ணெய் தெறிக்காது. அதைவிட, முன்னால் நிற்பவருக்குப் பெயர் உண்டு. பின்னால் நிற்பவருக்கு 'ஏய்' மட்டும்தான்.

எமில் செத்து அவன் மகன் எர்வின் கடையை நடத்திய காலம் அது. ஒரு வருடம் சீசன் முடிந்து மெஷினைத் துணி போட்டு மூடுகிற அன்று ஓஸெல்லா அவனிடம் நேராகவே கேட்டார்.

"மிஸ்டர் ட்ரெப்டோ, அடுத்த சீசன்ல மெஷின்ல நான் நிக்கறேன்."

"எந்த மெஷின்ல?"

"கடையில இருக்கறது ஒரு மெஷின்தானே."

எர்வின் சிரித்தான். "உனக்கு இங்க என்ன குறைச்சல்? அடுப்புப் பக்கம் கதகதன்னு இருக்கே."

"அந்தக் கதகதப்பை நீங்க எடுத்துக்குங்க. உங்க மூட்டுவலிக்கு நல்லது."

இதைச் சொல்லக் காரணம் இருந்தது. பிறவிக் குளிர்க்கை வாரிசான எர்வினுக்கு விரல் மூட்டெல்லாம் வாதம். குளிர் பட்டால் கத்துவான். வெந்நீர்ப் பையை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கடையில் உலாவுவான். மெஷினில் நின்றது அவன் மகன் டேல்.

"சொன்னா உனக்குப் புரியாது, பொண்ணே," என்றான் எர்வின். ஓஸெல்லாவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. "அதுக்குக் கை வேணும். ரத்தத்துல வரணும். உங்க ஆளுங்க வெயில் நாட்டு ரத்தம். உங்க கை சூடு. கஸ்டர்ட் தாங்காது."

"தினமும் மெஷினைப் பிரிச்சுக் கழுவறது யாரு கை? இதுவரைக்கும் அது வெந்து போகலையே?"

"கழுவறது வேற, எடுக்கறது வேற."

அறிவு தோற்றுப்போன இடத்தில் ரத்தம் வந்து உட்கார்ந்துகொள்வது புதிதல்ல. ஓஸெல்லா வீட்டுக்குப் போய் ஹோஸியாவிடம் சொன்னார். அவர் சாப்பாட்டு மேசையில் தன் கையை நீட்டினார். தோல் ஆலையின் சாயம் ஏறி, நகக்கண் வரை கறுத்துப் பழுத்த கை.

"இந்தா, பிடிச்சுப் பாரு. இது எந்தப் பரம்பரைக் கை?"

"இது கழுவாத பரம்பரைக் கை. எழுந்து போய்க் கழுவு முதல்ல."

"நீ விட்டுடுவியா?"

"எதை?"

"மெஷினை."

"அவன் சூடுன்னு சொன்ன கையை அவனே 'குளிருது'ன்னு சொல்லணும். அதுவரைக்கும் விட மாட்டேன்."

1966 மார்ச். திறப்பு நாள். ஏரிக்காற்று முகத்தைக் கிழிக்கிறது. அன்றைய சுவை வெண்ணெயில் வறுத்த பீக்கன் பருப்பு என்று பலகையில் எழுதியாயிற்று. வரிசை சேரும் முன்பே டேல் புதுச் சட்டையும் தொப்பியுமாக, வரப்போகிற பெண்களுக்குக் கையசைத்துப் பழகிக்கொண்டே முன்வாசலில் இறங்கினான். படியில் பனி கெட்டித்திருந்தது. உப்பு தூவியிருக்க வேண்டும். பின்வாசலில் ஓஸெல்லா தூவியிருந்தார். முன்வாசல் டேலின் பொறுப்பு. சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பரம்பரைக் கையைத் துண்டில் கட்டி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கடைக்கு முன்னால் கார்களும் வரிசையும் தெருமுனை வரை சேர்ந்த பிறகு எர்வின் மெஷினை ஓடவிட்டான். துடுப்பை எடுத்தான். ஒரு தடவை அள்ளினான், முகம் கோணியது. இரண்டாவது தடவை துடுப்பு கைநழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குழாயிலிருந்து கஸ்டர்ட் பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டே இருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காத மெஷின். அள்ளாவிட்டால் வழியும்.

"ஓஸெல்லா! ஏய் ஓஸெல்லா!"

அவர் வந்து பின்கட்டு வாசலில் நின்றார். கையைக்கூட நீட்டவில்லை.

"எடு சீக்கிரம்! வழியுது பாரு!"

"என் கை சூடாச்சே, மிஸ்டர் ட்ரெப்டோ."

"விளையாடற நேரமா இது?"

"நான் விளையாடல. எடுக்கறேன். ஆனா இன்னிக்கு மட்டும் இல்ல. நாளைக்கும் நான்தான். சீசன் பூரா நான்தான். டேல் வாங்கற சம்பளம் எனக்கு."

"சரி, சரி, சரி! எடு!" என்றான் எர்வின். பிறகு வெளியே வரிசையைப் பார்த்தான். தாவிப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பச்சைக் கான்வாஸ் திரையை இறக்கினான். கோப்பையை நீட்டுகிற அளவுக்கு அடியில் இடைவெளி விட்டான். "இன்னிக்கு மட்டும் இது இப்படி இருக்கட்டும். திறப்பு நாள் பாரு. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

ஓஸெல்லா திரையைப் பார்த்தார். வெள்ளை உறையை மாட்டித் துடுப்பை எடுத்தார். வேலை ஓடியது. அதில் ஒரு வித்தையும் இல்லை என்பதை அவரே பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்வார்: "மெஷின் பண்ணுது. நான் அள்ளறேன். சாம்பல் அள்ளத் தெரிஞ்சவங்க யாரும் இதை அள்ளலாம்."

வெளியே வரிசையில் முதல் ஆள் ஃப்ளோரியன் மஸுரெக். பீர் ஆலையில் பீப்பாய் உருட்டி ஓய்வு பெற்றவன். கறுப்பர்கள் குடியேற முடியாத தென்பகுதியில், பாலத்துக்கு அப்பால், போலந்துக்காரர்களின் தெருவில் வீடு. திறப்பு நாளில் முதல் கைகுலுக்கல் தன் பிறப்புரிமை என்று நினைப்பவன். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் போதும், எந்தக் கடை, யார் கை என்று சொல்லிவிடுவானாம். எதிர்த்தெருக் கடையின் கஸ்டர்டைச் 'சுவரொட்டிப் பசை' என்பான். அந்தக் கடைக்கும் இந்தக் கடைக்கும் ஒரே பண்ணையின் ஒரே லாரி, ஒரே நாளில், காய்ச்சிக் கிருமி நீக்கிய ஒரே கலவையை இறக்கிவிட்டுப் போவதை ஊரே பார்க்கும். ஃப்ளோரியனும் பார்ப்பான், லாரிக்காரனுக்கு வணக்கமும் சொல்வான். பார்ப்பதற்கும் நம்புவதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கோப்பைகள் திரைக்கு அடியிலிருந்து வரத் தொடங்கின; முதலாவது ஃப்ளோரியனுக்கு, அடுத்தவை அவனுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு. ஃப்ளோரியன் ஒரு கரண்டி வாயில் போட்டான். கண்ணை மூடினான்.

"எமில்! அப்படியே எமில் மாதிரி இருக்கு! என்னப்பா எர்வின், டேல் இந்தக் குளிர்காலத்துல நல்லாத் தேறிட்டான் போல!"

"ஹி ஹி, ஆமா," என்றான் எர்வின்.

"திரை எதுக்கு? பையன் வெக்கப்படறானா?"

"கொஞ்சம் சளி. ஊர்க்காரங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதில்ல."

"அதெல்லாம் இருக்கட்டும். கையைக் கொடுக்கச் சொல்லு. கை தொடாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

எர்வினின் முகம் அவித்த முட்டைக்கோஸ் போல வெளுத்தது. "இன்னிக்குக் கை வேணாம் ஃப்ளோரியன், சளின்னு சொன்னேனே..."

திரைக்கு அடியிலிருந்து வெள்ளை உறை மாட்டிய கை ஒன்று வெளியே வந்தது.

ஃப்ளோரியன் கம்பளி உறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். சிலிர்த்தான். பின்னால் திரும்பி வரிசைக்கே கேட்கும்படி கத்தினான்: "ஐஸ்! ஐஸ் கட்டிதான்! பொறந்த கை பொறந்த கைதான்யா! ஆயிரம் கைக்கு நடுவுல விட்டாலும் நான் இதைக் கண்டுபிடிப்பேன்!" குனிந்து அந்த உறையின் மேல் ஒரு முத்தமும் வைத்தான். கூட்டம் கைதட்டியது. எர்வினும் கைதட்ட வேண்டியதாயிற்று. "ஆமா, ஆமா, என்ன குளிர்ச்சி!" என்றான்.

ஓஸெல்லா எதிர்பார்த்திருந்த வார்த்தை அதுதான். மறு கையால் திரைக் கயிற்றை இழுத்தார். திரை படபடவென்று மேலே ஏறியது. அவர் கையை ஃப்ளோரியன் இன்னும் விடவில்லை.

"நாளைக்கும் இதே கைதான், மிஸ்டர் மஸுரெக். உங்களுக்குப் புடிச்சிருக்கறதுல சந்தோஷம்."

ஃப்ளோரியன் கையை விட்டான், ஏதோ சுட்டது போல. நாக்கால் உதட்டைத் துழாவினான்.

"இப்பத்தான் தெரியுது," என்றான். "ஆரம்பத்துலயே நினைச்சேன். ஏதோ ஒரு மாதிரி இருக்கு. கொஞ்சம்... சூடா இருக்கு."

உறைந்த கஸ்டர்ட் சூடாக இருக்கிறதாம்! பனியில் நின்றுகொண்டு சொன்னான். முதுகெலும்பு உள்ள பிராணிகளில் மனிதன் ஒருவனால்தான் இதைச் சொல்ல முடியும். வரிசையில் சிலர் முணுமுணுத்தபடி காருக்குப் போனார்கள். ஒருவன் பாதி தின்ற கோப்பையைப் பனியில் நட்டுவிட்டுப் போனான். பாதியைத் தின்ற பிறகுதான் அவனுக்குக் கொள்கை வந்தது. எர்வின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓஸெல்லாவின் காதருகில் வந்தான்.

"பின்னாடி போ. இப்பவே."

"போறேன். இந்தாங்க துடுப்பு."

எர்வின் துடுப்பைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான். கஸ்டர்ட் தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. அப்போது ஊதாத் தொப்பி போட்ட ஒரு பருத்த அம்மாள் ஜன்னலுக்கு முன்னால் வந்து கைப்பையால் தட்டினார்.

"நீங்க குடும்பச் சண்டை போட்டு முடிங்க, நான் காத்திருக்கறேன்னு நினைப்பா? என் கால் விறைச்சுப் போச்சு. ரெண்டு கோப்பை, பெருசு. யார் அள்ளினா எனக்கென்ன, அந்தக் கரண்டியே அள்ளிக் குடுத்தாலும் தின்னுடுவேன்."

வரிசை நகர்ந்தது. நீதி வென்றதால் அல்ல, நாக்கு வென்றதால். போனவர்களில் பாதிப் பேர் காரைத் தெருவைச் சுற்றி ஓட்டிவிட்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள். ஃப்ளோரியன் மறுநாள் வந்தான்.

டேலின் மணிக்கட்டு கூடிய பிறகும் ஓஸெல்லாவை யாரும் நகர்த்த முடியவில்லை. டேலுக்கும் அடுப்பு பிடித்துப் போயிற்று. அங்கே யாரும் பார்ப்பதில்லை, உட்காரலாம். ஆனால் எர்வின் தோற்றவன் போலத் தோற்கவில்லை. புதுக்கதை ஒன்று கட்டினான். எமில் சாகும் முன்பு ஓஸெல்லாவின் இரண்டு கையையும் பிடித்து ஊதித் தன் குளிர்ச்சியை அவருக்குள் இறக்கிவிட்டுப் போனானாம். ஓஸெல்லா அந்த ஊருக்கு வந்தபோது எமில் புதைகுழியில் இருந்தான். இந்தக் கதையை முதலில் நம்பியவன் ஃப்ளோரியன். "நான் அன்னிக்கே சொன்னேனே! எமில் கைன்னு!"

ஓஸெல்லாவுக்கு முதல் அவமானத்தைவிட இந்த இரண்டாவது கௌரவம் அதிகமாக எரிந்தது. பின்கட்டில் இருந்தபோது அவர் கை சூடு, அது பொய். முன்னால் வந்ததும் கை குளிர்ச்சி. அதுவும் அவருடையதில்லையாம், ஒரு செத்துப்போன குடல் வியாபாரியின் பிச்சையாம். ஒரு கறுப்புப் பெண்ணின் உழைப்பை ஒப்புக்கொள்வதைவிட ஒரு பிணத்தின் மூச்சை நம்புவது அந்த ஊருக்கு எளிதாக இருந்தது.

அடுத்த வருடம் கோடை முடிவில், எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்க உரிமை கேட்டுக் கறுப்பர்கள் பாலத்தைக் கடந்து தெற்கே ஊர்வலம் போனார்கள். ஹோஸியாவும் ஓஸெல்லாவும் போனார்கள். மறுகரையில் ஆயிரக்கணக்கில் வெள்ளையர்கள் நின்று கல்லும் பாட்டிலும் எறிந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஓஸெல்லா ஃப்ளோரியனைப் பார்த்தார். அவன் எறியவில்லை. எறிகிறவர்களுக்கு நடுவில், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான். அவர் முத்தம் வாங்கிய கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டினார். அவன் வானத்தைப் பார்த்தான்.

மறுநாள் மதியம் எதுவும் நடக்காதது போல ஜன்னலுக்கு வந்தான்.

"இன்னிக்கு என்ன சுவை?"

"பலகையில எழுதியிருக்கு, படிங்க. நேத்துக் கை எப்படி இருந்துச்சு மிஸ்டர் மஸுரெக்? பைக்குள்ள கதகதன்னு இருந்துச்சா?"

ஃப்ளோரியன் சில்லறையை வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். காரின் மேல் சாய்ந்து நின்று முழுவதையும் தின்றான். தின்னத்தான் செய்தான்.

எர்வின் இறந்த பிறகு கடை டேலிடம் வந்தது. டேல் கெட்டவன் இல்லை; யோசிப்பதற்குச் சோம்பல்பட்டவன். ஒரு குளிர்காலம் முன்கண்ணாடியில் ஓஸெல்லாவின் முகத்தை எழுதி, கீழே 'எமில் ஆசீர்வதித்த குளிர்க்கை' என்று போட ஓவியனை அழைத்து வந்துவிட்டான். ஓஸெல்லா ஓவியனின் ஏணியைப் பிடித்து ஆட்டினார்.

"இறங்குப்பா கீழ. டேல், இங்க வா. உங்க தாத்தனை நான் படத்துலதான் பார்த்திருக்கேன். அவரு ஊதினா எனக்குச் சளி பிடிச்சிருக்கும், வேற ஒண்ணும் வந்திருக்காது."

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே, ஓஸெல்லா."

"ஜனங்களுக்கு என்ன புடிக்கணும்னு நான் காட்டறேன். திறப்பு நாள் அன்னிக்குக் கதவைத் திறந்து வை. ஜன்னலை இல்ல. கதவை."

அந்த மார்ச்சில் அவர் கையை நீட்டவில்லை. வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். உறையைக் கழற்றச் சொன்னார். எஃகுத் துடுப்பைக் கொடுத்து, குழாயின் வாயில் தங்கள் கோப்பையைத் தாங்களே அள்ளச் சொன்னார். சிந்தினார்கள், சிரித்தார்கள். அள்ளி முடித்ததும், "இப்பப் பின்னாடி நிக்கறவருக்குக் கைகொடுங்க" என்றார். கொடுத்தார்கள். அடுத்தவர், "யப்பா! குளிருது!" என்று கத்தினார். தபால்காரர் கத்தினார், பாதிரியார் கத்தினார், பள்ளி ஆசிரியை கத்தினார்.

"அவ்வளவுதான்," என்றார் ஓஸெல்லா. "இரும்பு குளிரும். இன்னிக்கு நீங்க எல்லாரும் ட்ரெப்டோதான். போய்த் தின்னுங்க."

தள்ளாடும் வயதில் இருந்த ஃப்ளோரியனும் உள்ளே வந்தான். துடுப்பைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவர் தோல் ஆலையிலிருந்து நேராக வந்திருந்த ஹோஸியா. ஃப்ளோரியன் அந்தச் சாயம் ஏறிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"குடுங்க," என்றார் ஓஸெல்லா. "கழுவின கைதான். நானே கழுவ வச்சேன்."

அவன் கொடுத்தான். "உன் கை ரொம்பக் குளிருதே, மிஸ்டர்," என்றார் ஹோஸியா. "எந்தக் குடும்பம்?"

ஃப்ளோரியன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். ஓஸெல்லா வேலையிலிருந்து நிற்கும் வரை ஒவ்வொரு திறப்பு நாளும் அதே போலத்தான் நடந்தது. அதற்கப்புறமும் சிலர் எமிலின் கையைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மூடத்தனம் ஒரு கோப்பைக் கஸ்டர்டில் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. ஆனால் அந்த மெஷினுக்கு முன்னால் யார் நிற்பது என்று ரத்தத்தைக் காட்டிப் பேச அந்தக் கடையில் பிறகு ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

உங்கள் ஊரில் கஸ்டர்ட் கடை இல்லாமல் இருக்கலாம். ட்ரெப்டோக்கள் இல்லாமல் இல்லை. இந்த வேலை எங்கள் பரம்பரைக்குத்தான் வரும், உன் கைக்கு வராது என்று எவனாவது உங்களிடமோ உங்கள் பக்கத்தில் நிற்பவரிடமோ சொன்னால், அவனோடு நின்று வாதாடாதீர்கள். அவன் முன்னால் தொங்கும் திரையை இழுத்துத் தூக்குங்கள். அவன் கையில் இருக்கும் துடுப்பைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, அவனுக்கே கைகொடுங்கள்.